நல்ல தண்ணியில் வளர்த்த ஊமத்தை

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்கினார்கள். குடிக்கவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா வந்ததிலிருந்து போகும்வரை முந்தானையால் மூக்கை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

திண்டுக்கல்லில் தோல்ஷாப்புகளுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் எடுத்துப் பதம் போடுகிற இடம் தோல்ஷாப்பு. எனக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. மீசை முளைக்கும் முன்பே இறங்கிவிட்டேன். அதனால் அந்த நாற்றம் எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. எங்களுக்கு மூக்கு செத்துப்போயிற்று. மகளுக்கு மட்டும் தெரிந்தது. தையல் படித்தவள். துவைத்த துணியை எங்கள் கொடியில் போட மாட்டாள். இரண்டு தெரு தள்ளி, சிநேகிதி வீட்டு மாடியில் காயவைத்து எடுத்து வருவாள்.

காப்பி மேல் ஆடை படிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவளை இந்த நாற்றத்துக்கு வெளியே கட்டிக்கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

தோல் பதம் போட வாட்டில் மரத்துப் பட்டை வேண்டும். கொடைக்கானல் மலையிலிருந்து வரும். ஏற்றுவதற்கு ஆள் குறைந்தால் நானும் லாரியில் போவேன். ஒரு தடவை இறங்கும்போது வண்டி சூடாகி ஓடைப் பக்கம் நின்றது. பொழுது சாய்கிற நேரம். ஒரு மணம் வந்தது. எனக்கே வந்தது. செத்த மூக்கில் ஏறியது. பார்த்தால் ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செடி. முழங்கை நீளத்துக்கு வெள்ளைப் பூக்கள், தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

புல்லுக்கட்டோடு ஒரு அம்மா வந்தது.

"இது என்ன பூ தாயி?"

"ஊமத்தை ஜாதிண்ணே. மாடுகூட வாய் வைக்காது."

"இம்புட்டு மணக்குதே."

"இப்பத்தான் மணக்கும். பகல்ல மோந்து பாத்தா ஒண்ணும் இருக்காது."

அங்கேயே முடிவு செய்தேன். இதை வீட்டு வாசலில் வைப்பது. பெண் பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலம் வரச் சொல்வது. இதைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிளையை ஒடித்து ஊன்றினால் வரும் என்று அந்த அம்மா சொன்னது. ஒடித்துப் பட்டைக் கட்டுகளின் மேல் போட்டுக்கொண்டு வந்தேன். கீழே இறங்குவதற்குள் வெயிலில் வதங்கிவிட்டது. ஊன்றினேன். அழுகியது. அடுத்த லோடிலும் கொண்டுவந்தேன். அதுவும் அழுகியது. அதற்கடுத்த முறை அந்த அம்மா ஒரு காயைக் கொடுத்தது. ஒல்லியான வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தது.

"இது காய்க்கிறதே அபூர்வம்ணே. விதையைப் போட்டுப் பாரு. பிள்ளைக வாயில வைக்காமப் பாத்துக்க, விஷம்."

பிரித்துப் பார்த்தேன். பாட்டில் அடைக்கிற கார்க்கை நொறுக்கிப் போட்டதுபோல விதை. நான் செடி வளர்த்தவன் இல்லை. எங்கள் பக்கம் தென்னைக்குத் தோல்ஷாப்பு மயிரைப் புதைப்பார்கள். காய் நன்றாகப் பிடிக்கும். அந்த மயிரையே கொஞ்சம் அள்ளி வந்து மண்ணில் கலந்து, உடைந்த குடத்தில் நிரப்பி, பாதி விதையைப் போட்டேன். போர்த் தண்ணியை ஊற்றினேன்.

எங்கள் போரில் வருவது உப்புத் தண்ணி. வாயில் வைக்க முடியாது. எங்கள் தெருவில் வேம்பும் எருக்கும் தவிர எதுவும் நிற்பதில்லை. அது தெரிந்தேதான் ஊற்றினேன். குழாயில் நல்ல தண்ணி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற அன்று இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைப்போம். அதைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

ஒரு மாதம் போனது. ஒன்றும் முளைக்கவில்லை. மனைவி குடத்தைக் கிளறிப் பார்த்தாள்.

"விதை போட்டீகளா, தோல் ஊறப் போட்டீகளா? உப்பு, சுண்ணாம்பு, மயிரு எல்லாம் இருக்கு. இதுல செருப்புத்தான் முளைக்கும்."

எதற்காகச் செடி என்று அவளிடம் அதுவரை சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் குழம்புக்கு மொச்சை ஊறவைத்திருந்தாள். ஊறிய மொச்சையைத் தோலை விட்டுப் பிதுக்கிக்கொண்டிருந்தவள், என்னைக் கூப்பிட்டாள்.

"மிச்ச விதையைக் கொண்டாங்க."

ஒரு சிரட்டையில் நல்ல தண்ணி ஊற்றி ஊறவைத்தாள். அடுத்த நாள் மொச்சையைப் பிதுக்குகிற மாதிரியே ஒவ்வொன்றாகப் பிதுக்கினாள். கார்க்கு தனியே வந்தது. உள்ளே சின்னதாக, கறுப்பாக, உண்மையான விதை இருந்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். சிரட்டையைத் தூக்கித் தெருவில் எறிந்தாள்.

ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து போட்டோம். முளைத்தது. சந்தோஷத்தில் நிறைய ஊற்றினேன். தண்டு அடியில் நூலாக இளைத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்று மட்டும் நின்றது.

அதற்கு மேல் அந்த ஒன்றுதான். குளித்துவிட்டு வந்து கடைசியாக நல்ல தண்ணியில் முகம் அலசுவேன். அதை நிறுத்தி, அந்தச் சொம்பைச் செடிக்கு ஊற்றினேன். அரிசி கழுவின தண்ணியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதையும் மனைவி நிறுத்தினாள். பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று கேட்டது.

"ஏன்டி, வாயில்லா ஜீவன் தண்ணிய ஊமத்தைக்கு ஊத்துறியாமே. உனக்கு என்னமும் கிறுக்கா?"

"ஆமா மதினி. இன்னும் தின்னல. தின்னா முழுசாப் புடிக்கும்."

கோடை வந்தது. பத்து மணிக்கெல்லாம் இலை ஈரத்துணிபோலத் தொங்கிவிடும். சாயங்காலம் எழுந்திருக்கும். ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. சாக்கை நனைத்து நிழல் கட்டினேன். இலைக்கு அடியில் பேன் பிடித்தது. சோப்புத் தண்ணியில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தேன். ஆனாலும் எல்லா இலையும் உதிர்ந்தது. குச்சி மட்டும் நின்றது. அதற்கும் தண்ணி ஊற்றினேன்.

அந்த வருஷம் இன்னும் இரண்டு இடம் வந்தது. இரண்டும் வாசலோடு போயிற்று. மகள் ஒரு நாள், "அப்பா, விடுங்க" என்றாள். பெண் பார்ப்பதையா, செடியையா என்று நான் கேட்கவில்லை.

மழைக்குப் பிறகு குச்சி துளிர்த்தது. மலைக்குப் போனபோது புல்லுக்கட்டு அம்மாவைப் பார்த்து, எதற்காகச் செடி என்று சொன்னேன்.

"இடுப்பு உயரம் வந்துருச்சு. இன்னும் பூக்கல தாயி."

"கவட்டை விட்டுச்சா?"

"இல்ல. ஒத்தக் குச்சியா போகுது."

"அப்பப் பூக்காது. தண்டு ரெண்டாப் பிரிஞ்சு கவட்டை விட்டாத்தான் பூ. என்னண்ணே, மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறியா, செடிக்குப் பாக்குறியா?"

இன்னொரு கோடையையும் சாக்கைக் கட்டியே தாண்ட வைத்தேன். ஐப்பசி மழையில் தண்டு இரண்டாகப் பிரிந்தது. தினம் விடியும்போது போய்த் தொட்டுப் பார்ப்பேன். மொட்டு வந்தது. காய்ந்த காற்று இரண்டு நாள் அடித்தது. மொட்டெல்லாம் உதிர்ந்து கிடந்தன. பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள். கிறிஸ்துமஸ் முடிந்து தவக்காலம் தொடங்குவதற்குள்தான் எங்கள் பக்கம் பெரும்பாலும் கல்யாணம் பேசி முடிப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. மார்கழிக் குளிரில் மறுபடியும் மொட்டு வந்தது. அதே நேரம் உபதேசியார் ஒரு இடம் சொன்னார். கோயில் வேலைகளோடு ஊருக்குள் சம்பந்தமும் பேசிவிடுகிறவர் அவர். சேவுகம்பட்டிப் பக்கம், கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஊரெல்லாம் வெற்றிலையும் வயலும். நாற்றம் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு காலைல வாராக" என்றார்.

"சாயங்காலமா வரச் சொல்லுங்க."

"ஏன்யா?"

"பூ சாயங்காலந்தான் மணக்கும்."

உபதேசியார் என்னையே பார்த்தார். "பூவப் பாக்கவா வாராக? பொண்ணப் பாக்க வாராக."

"சாயங்காலமா வரச் சொல்லுங்க" என்றேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, சித்தப்பா. பூக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மணம் இல்லை. இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முந்தானை மூக்குக்குப் போயிற்று.

அவர்களைப் பொழுது சாயும்வரை உட்கார வைக்க வேண்டும். மனைவி முறுக்கு வைத்தாள். மகள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் தைத்த ரவிக்கைகளை எடுத்துக் காட்டினோம். காட்டியதையே மறுபடி காட்டினோம். நான் சித்தப்பாவிடம் கொடிக்காலைப் பற்றிக் கேட்டேன். கொடிக்குத் தண்ணி எப்படி, அகத்தி எப்ப நடுவீக, கிள்ளுறது எப்படி. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு பேசியதில்லை. நாக்கு வறண்டுவிட்டது. வெயில் சுவரை விட்டு இறங்குவேனா என்றது.

"அப்பக் கிளம்புறோம். பஸ்ஸு போயிரும்" என்று சித்தப்பா எழுந்தார்.

"செத்த நேரம் இருங்க. இன்னொரு காப்பி."

"முதக் காப்பியே இருக்குல்ல" என்றார் மாப்பிள்ளை. அவர் நல்ல பிள்ளை. தன் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

மனைவி வேண்டுமென்றே பாலைத் தாமதமாகக் காய்ச்சினாள். நான் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் வெயில் போனது. அப்போது வந்தது மணம். முதலில் லேசாக. பிறகு அறை முழுக்க. அந்த அம்மாவின் முந்தானை மூக்கிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது. அதை நான் பார்த்தேன்.

"என்ன இது, இப்படி மணக்குது?"

"எங்க வாசல் பூ" என்றாள் மனைவி. "நல்ல தண்ணி ஊத்தி வளத்தது." அவள் முகம் அப்படி நான் பார்த்ததில்லை.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அந்த அம்மா பூவைத் தூக்கிப் பிடித்து மோந்தார்கள். சித்தப்பா இலையைக் கசக்கி மோந்தார். விவசாயி.

"ஊமத்தைல்ல இது?"

"அந்த ஜாதிதான்" என்றேன். "பூவுக்காக வச்சது."

"ம்" என்றார். விரலை வேட்டியில் துடைத்தார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே உபதேசியார் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"பொண்ணு பிடிச்சிருக்காம். மாப்பிள்ளைக்கு ரொம்பவே பிடிச்சிருக்காம். ஆனா வேண்டாம்ங்கிறாக."

"நாத்தமா?"

"அதப் பத்திப் பேச்சே இல்லய்யா. தோல்ஷாப்புத் தெருன்னு தெரிஞ்சுதான வந்தாக. தின்னா கிறுக்குப் பிடிக்கிற செடிய, குடிக்கிற தண்ணிய ஊத்தி வாசல்ல வளக்குறாகளே, அந்த வீட்டுல யாருக்கு என்ன கோளாறுங்கிறாக. சித்தப்பாதான் பிடியா நிக்கிறாரு."

நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மனைவி தடுக்கவில்லை. மகள் வந்து செடிக்கு முன்னால் நின்றாள்.

"வெட்டாதீங்கப்பா."

"இதாலதான் போச்சு."

"தெரியும். சாயங்காலம் செத்த நேரம் எனக்கு மூச்சு விட முடியுது. இருக்கட்டும்."

அரிவாளை உள்ளே வைத்தேன். தவக்காலம் வந்துவிட்டது.

பிறகு வந்தவர்கள் குறைவு. இரண்டாயிரம் பிறந்து, அதற்கும் அப்புறம்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தோல்ஷாப்பில்தான் வேலை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் முடியாது என்றேன். மகள்தான் சரி என்றாள். அவளுக்கு வயது போயிருந்தது.

அவர்கள் பார்க்க வந்ததும் சாயங்காலம்தான். நான் கேட்காமலே அந்த நேரம் அமைந்தது. செடி நிறையப் பூத்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் காப்பியை அடிவரை குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒருவரும் மூக்கைத் தொடவில்லை. ஒருவரும் பூவைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களுக்கு இரண்டும் தெரியவில்லை. நான் பின்பக்கம் போய் உப்புத் தண்ணியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதன் பேர் புருக்மான்சியா என்று பின்னால் ஒரு நர்சரிக்காரர் சொன்னார். என் வாயில் அது நிற்கவில்லை.

கல்யாணமான மழைக்காலத்தில் மகள் வந்து ஒரு கிளை கேட்டாள். சீக்கிரம் பூக்கட்டும் என்று கவட்டைக்கு மேலே பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அடுத்த தெருதான். வாடுவதற்குள் கொண்டுபோய் ஊன்றிவிடலாம்.

"நல்ல தண்ணி ஊத்து" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள்.