வாயாடி பாடுகிறாள்

சலவைக்கூடத்தின் பெரிய இயந்திரம் சுழல ஆரம்பித்தால் அவள் உதடும் அசைய ஆரம்பித்துவிடும். கை தன் பாட்டுக்கு விடுதிப் படுக்கை விரிப்புகளை உதறி மடித்து அடுக்கும். வாய் தன் பாட்டுக்கு வரிகளை மென்றுகொண்டிருக்கும். எதுகை சிக்காத நாளில் தலையணை உறைகளின் பாடு திண்டாட்டம். விழுகிற உதறலில் பக்கத்து மேசைக்காரி தள்ளி நின்றுகொள்வாள்.

"இது பாட்டா, சண்டையா? ஒண்ணும் வெளங்கலடி."

"ரெண்டும்தான்க்கா. ரசிச்சா பாட்டு. வம்புக்கு வந்தா சண்டை."

வயது முப்பதைத் தொட்டாயிற்று. தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பாள், பாடுகிற தொண்டை சுடக் கூடாதாம். அதே தொண்டையால் மேற்பார்வையாளரைக் கிழிகிழியென்று கிழிப்பதில் மட்டும் குறை வைப்பதில்லை. சனிக்கிழமை மாலையானால் பைக் பட்டறைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் ராப் பாடுகிறாள். மேடைப் பெயர் வாயாடி. வைத்தவர் அப்பா. சிறுமியாக அவள் ஏன், எதற்கு என்று கேட்டபோதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பெல்ட்டைக் கழற்றுவார்.

"அந்த மனுசன் எனக்குக் குடுத்த ஒரே சொத்துக்கா. விக்காம அனுபவிக்கிறேன்" என்று சிரிப்பாள்.

இத்தனை காலம் அவள் பாட்டில் அடிக்கிறவன் வெறும் 'ஒருத்தன்'. புதுப் பாட்டில் அப்பா என்றே வருகிறார். விஷயம் வீடு வரை போய், அம்மா சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"அத மட்டும் பாடாதடி. படுத்த படுக்கையா கெடக்கிறாரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

"அடிச்சவருக்கு வராத அசிங்கம், அடி வாங்கினவளுக்கு எப்படிம்மா வரும்?"

"பாடினேன்னா என் மூஞ்சில முழிக்காத!"

அம்மா என்றால் அவளுக்கு உயிர். அம்மா போன பிறகு ஒரே விரிப்பைப் பிரிப்பதும் மடிப்பதுமாக நெடுநேரம் நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசைக்காரியிடம் சொன்னாள்: "பாடத்தான்க்கா போறேன்."

சனிக்கிழமை கிடங்கு நிறைந்திருந்தது. பெற்ற மகள் தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்ற நம்பிக்கையில் அம்மாவும் வந்து கதவோரம் நின்றாள். அவளைப் பார்த்தபடியே வாயாடி மைக்கை எடுத்தாள்.

"பெல்ட்ட உருவினார் அப்பா, கதவச் சாத்தினா அம்மா,
வாய்விட்டுக் கதறினேன் நான், டிவிய ஏத்தினா அம்மா,
பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாட்டுதான் கேட்டுச்சு,
பத்து வயசுப் புள்ள கொரலு பாட்டுக்குள்ள..."

அங்கே குரல் உடைந்தது. அம்மா பயந்தது அப்பாவின் மானத்துக்கு மட்டுமல்ல, தன் மானத்துக்கும்தான்.

பாடுகிறவர் குரல் உடைந்தால், பின்னால் பீட் போடுகிறவர் சத்தத்தைக் கூட்டி மறைத்துவிடுவார். அந்தக் கிடங்கில் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற மரியாதை அது. அவரும் நல்ல எண்ணத்தோடுதான் கூட்டினார். பீட் அதிர்ந்தது. அவள் வாய் அசைந்தது, குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவள் பாட்டை நிறுத்தினாள். விறுவிறுவென்று அவரிடம் போய் பீட் வருகிற வயரைப் பிடுங்கினாள். பீட் நின்றது. அம்மா நின்ற கதவுப் பக்கம் திரும்பி, உடைந்த குரலிலேயே, முதல் வரியிலிருந்து மறுபடி எடுத்தாள்.