இரண்டு கட்டங்கள் மிச்சம்

ஜொகூரில், தெப்ராவில் ஒரு லாரிக் கம்பெனியில் கிராணியாகக் கணக்கெழுதும் சந்திரமதி பயந்த சுபாவம். பல்லி கத்தினாலும் பலன் பார்ப்பாள். போனிலேயே பேசிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதே இல்லை. இப்படிப்பட்டவள் மதிய இடைவேளையில் ஆசை ஆசையாக விளையாடுவது எதை என்கிறீர்கள்? கண்ணிவெடி விளையாட்டை.

அலுவலகத்துப் பழைய கணினியில் அது இருந்தது. மூடிய கட்டங்களுக்கு அடியில் அங்கங்கே வெடிகள் ஒளிந்திருக்கும். ஒரு கட்டத்தைத் திறந்தால் எண் வரும். அதைச் சுற்றி எத்தனை வெடி என்று அந்த எண் சொல்லும். கணக்குப் போட்டு வெடி உள்ள இடத்தில் கொடி நட்டுவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். யோசித்தால் தப்பிக்கலாம் என்பதுதான் அவளுக்குப் பிடித்தது. ஆனால் சில ஆட்டங்களில் கடைசியாக இரண்டு கட்டங்கள் மிஞ்சும். ஒன்றில் வெடி இருக்கும், எதில் என்று எந்த எண்ணும் சொல்லாது. குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட வேண்டியதுதான். சந்திரமதி தொட மாட்டாள். ஆட்டத்தை மூடிவிட்டு டீ கலக்கப் போய்விடுவாள்.

அவள் கணவர் மகேஸ்வரனுக்கு சிங்கப்பூரில் இரவு வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து ஜொகூர் பக்கம் வந்ததும் 'வந்துட்டேன்' என்று ஒரு செய்தி அனுப்புவார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு வேலையே ஓடும்.

அந்த வெள்ளிக்கிழமை செய்தி வரவில்லை. கூப்பிட்டால் அவர் போன் அணைந்து கிடந்தது. பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளை லாரி இடித்துவிட்டது, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சதாசிவம் டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள்.

சும்மா இருக்க முடியாமல் ஆட்டத்தைத் திறந்தாள். அது இரண்டு கட்டங்களில் வந்து நின்றது.

கல்யாணத்துக்கு முன் மாரியம்மன் சந்நிதியில் அவர்களுக்குப் பூக்கட்டிப் பார்த்திருந்தார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க, வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். வெள்ளைதான் வந்தது. அம்மனுக்குக் கணினி மட்டும் தெரியாமலா போகும்? இடது கட்டத்தைத் திறக்கிறேன், வெடிக்காவிட்டால் அவர் பத்திரமாக இருக்கிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் மறுபாதி உறைத்தது. வெடித்துவிட்டால்?

போன் அடித்தது. தெரியாத எண். அம்மனிடம் கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்திருப்பது குற்றம் என்று அவள் எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது கட்டத்தை அழுத்தினாள்.

வெடித்தது. ஒளிந்திருந்த வெடிகள் எல்லாம் திரையில் கறுப்பாக எழுந்தன. சந்திரமதி தாலியைப் பற்றிக்கொண்டாள். அவர் போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டாள். போன் மீண்டும் அடித்தபோது அதைத் தொடக்கூடத் துணிவு வரவில்லை. சத்தம் பொறுக்காமல் சதாசிவம் வந்து எடுத்தார். கொஞ்சம் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. பேசுங்க."

மருத்துவமனையில் ஒரு தாதியின் போனை வாங்கிப் பேசினார் மகேஸ்வரன். அவருடைய போன் லாரிச் சக்கரத்தில் நசுங்கிவிட்டதாம்.

"கால்தான் ஒடிஞ்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. நீ ஏன் எடுக்கல? எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா? உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தே போயிட்டேன்லா."

கால் ஒடிந்து கிடந்த மனுஷனுக்கும் தன் பயத்தைக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது அவளுக்கு.

"எனக்கு ஒண்ணும் ஆகலங்க," என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.