பாட்டிலின் பின்பக்கம்

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஏசி கடைக்கு மளிகை வாங்கப் போயிருந்தேன்.

எனக்கு பிரஷர் உண்டு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து, என் மனைவி வசந்தா சாம்பாரில் உப்பை எட்டிப் பார்க்க மட்டும்தான் விடுகிறாள். அப்படியும் போன செக்கப்பில் பிரஷர் குறையவில்லை. தன் சமையலில்தான் கோளாறு என்று நினைத்து அவள் இன்னும் குறைத்தாள். ரசம் கிட்டத்தட்ட வெந்நீராகிவிட்டது.

நானும் என் பங்குக்குப் பொறுப்பாக நடந்துகொண்டேன். கூடையில் மசாலா ஓட்ஸ் ஆறு பாக்கெட். தினமும் சாயங்காலம் டிபனுக்கு இரண்டு பாக்கெட், நானே வெந்நீர் ஊற்றிக் கிளறிக்கொள்வேன். ஓட்ஸ் உடம்புக்கு நல்லதாயிற்றே!

"சார், கொஞ்சம் இத படிச்சு சொல்றீங்களா?"

திரும்பினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, நகக்கண்ணில் செம்மண். கையில் ஹெல்த் ட்ரிங்க் பாட்டில். பெயர் அஞ்சலை, ஊர் வடக்கனந்தல், மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலை — இதெல்லாம் பேச்சுவாக்கில் பிறகு தெரிந்தது.

பாட்டிலை வாங்கிக் கம்பீரமாகப் படித்தேன். "பலத்துக்கும் சுறுசுறுப்புக்கும் தினமும் இரண்டு கப்."

"அதான் டிவிலயே சொல்றாங்களே சார். பின்னாடி பொடிப்பொடியா எழுதிக்கீது பாருங்க... அதப் படிங்க."

பின்பக்கமா? நான் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைப்பவன். வடை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவேன். ஆனால் ஒரு மளிகைப் பாக்கெட்டின் பின்பக்கத்தை இதுவரை படித்ததில்லை. நீங்கள் படித்திருக்கிறீர்களா?

எறும்பு சைஸில் ஆங்கிலம். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். முதலில் கோதுமை மாவு. அடுத்தது சர்க்கரை. கொஞ்சம் தள்ளி குளுக்கோஸ் பாகு — அதுவும் சர்க்கரை வகைதான். எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அதையும் சேர்த்துச் சொன்னேன்.

"சர்க்கரையா? நல்லா பாருங்க சார்."

பார்த்தேன். சர்க்கரைதான்.

அஞ்சலை பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குத்தானே சொல்வது போலவும் இல்லாமல், மெதுவாக ஆரம்பித்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கு சுகரு சார். காலுல முள்ளு குத்தி புண்ணாயி ரெண்டு மாசமா ஆறல. ஆளு எளச்சிக்கினே போறாரு. தெம்பு வரட்டும்னு காலைல ஒண்ணு, சாய்ங்காலம் ஒண்ணு... நான்தான் இத கலக்கிக் குடுக்கறேன். போன வாரம் பார்த்தா சுகரு ஜாஸ்தியாயிடுச்சுன்னு ஆஸ்பத்திரில திட்டுறாங்க. இன்னா துன்னேன்னு கேட்டா, ஒண்ணுமே துன்னலன்றாரு. டீக்கடையில திருட்டுத்தனமா இனிப்பு துன்றாருன்னு எட்டு நாளா நான் அவராண்ட மொகம் குடுத்துப் பேசல."

"இதைப் படிக்கச் சொல்லணும்னு எப்படித் தோணுச்சு?"

"நர்சம்மாதான் சொன்னாங்க. வூட்டுக்கு வாங்கற சாமான படிச்சவங்க யாருகிட்டயாச்சும் காட்டுன்னு."

"இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. டாக்டர்கிட்ட கேட்டுடுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பாட்டிலை ரேக்கில் வைத்தார். முன்வரிசையில் அல்ல... மற்ற பாட்டில்களுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரம் வரை உள்ளே தள்ளி.

அப்புறம் என் கூடையைப் பார்த்தார். "உங்களுது?"

"எனக்கு சுகர் இல்லைம்மா. பிரஷர்தான்."

"அப்ப உப்பு ஆவாது. பாருங்க."

மறுக்க முடியுமா? மசாலா ஓட்ஸைத் திருப்பினேன். படம் பிடித்தேன். பெரிதாக்கினேன். ஓட்ஸ், காய்ந்த வெங்காயம்... மூன்றாவதாக உப்பு! வசந்தா பகலெல்லாம் சாம்பாரில் மிச்சம் பிடித்ததை, சாயங்காலம் நான் உட்கார்ந்து சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே இப்படித்தான். கெட்டது என்று தெரிந்ததைப் பயந்து பயந்து சாப்பிடுகிறோம். நல்லது என்று நம்பிவிட்டாலோ... அளவே கிடையாது.

அரை மணி நேரம் இருவரும் அந்த ரேக்கை அலசினோம். சுகர்காரர்களுக்கென்று போட்ட பிஸ்கட்டில் மைதா. 'லைட்' சிப்ஸில் எண்ணெய் கொஞ்சம் கம்மி, உப்பு அப்படியே. "சார், ஏதாவது கம்ப்ளைன்ட்டா?" என்று கல்லாவிலிருந்து ஒரு குரல் கவலையோடு கேட்டது. "இல்ல தம்பி, படிச்சிக்கினு இருக்கோம்" என்றார் அஞ்சலை. கடைசியில் அவர் பச்சைப்பயறும் முட்டையும் வாங்கினார். நான் மசாலா இல்லாத வெறும் ஓட்ஸ் வாங்கினேன்.

நேற்று அதே கடை வாசலில் அவரை மறுபடி பார்த்தேன். நானாகவே போய் விசாரித்தேன்.

"அந்த மாவ நிறுத்திட்டேன் சார். ஆஸ்பத்திரில மாத்திரையும் மாத்திக் குடுத்தாங்க. சுகரு கம்மியாயிருக்கு. புண்ணு காஞ்சிக்கினு வருது."

"வீட்டுக்காரர்கிட்ட பேசியாச்சா?"

அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னிக்கே போயி, எம்மேலதான் தப்பு, உன்ன போயி சந்தேகப்பட்டுட்டேன்னு சொன்னேன் சார். சொல்லும்போதே எனக்கு அழுவாச்சி வந்துடுச்சு. அந்த மனுசன் எல்லாத்தையும் கேட்டுக்கினாரு. அப்புறம் தலைய குனிஞ்சிக்கினு சொல்றாரு... வாரத்துல ரெண்டு வாட்டி டீக்கடையில ஜாங்கிரி துன்னது நெசந்தானாம்!"

"அடடா! நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? நான் குடுக்கறத நிறுத்திட்டேன், நீ துன்றத நிறுத்திக்கோன்னு சொன்னேன். மூணு வாரமா அப்படித்தான் போயிக்கினு இருக்குது."

பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

வசந்தாவிடம் நான் இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை... இந்தப் பத்தியை அவள் முதல் ஆளாகப் படிப்பாள் என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.