விடுமுறைச் சாலையில் ஃபுசாயே

ஃபுசாயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இல்லை. கோஃபு நகரத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் அண்டா அண்டாவாகச் சூப் காய்ச்சியே காலத்தைக் கழித்தவள். எங்கே போவதென்றாலும் கணவர் தகேஜி இருந்தார். வாடகைக் கார் ஓட்டி ஓய்வு பெற்றவர். மே மாதத் தொடர் விடுமுறை வந்தால் இருவரும் காரில் மத்சுமோதோவுக்குக் கிளம்பிவிடுவார்கள். மகள் யோரிகோவின் வீட்டில் பேரனோடு மே ஐந்தாம் தேதி வரும் குழந்தைகள் தினத்தைக் கொண்டாடுவது வழக்கம்.

அந்த வருஷம் குளிர்காலத்திலிருந்தே அவள் கணவரை ஓரக்கண்ணால் கவனித்து வந்தாள். சொந்தத் தெருவைத் தாண்டிப் போய்விட்டு, ஏதோ அந்நிய ஊரைப் பார்ப்பதுபோல் விழித்தார் தகேஜி. கேட்டால் எரிந்து விழுந்தார்.

"ஸ்டியரிங் புடிச்சே கிழவனானவன் நான். எனக்கே வழி சொல்றியா?"

"ரயில்ல வாங்கம்மா," என்று யோரிகோ போனில் கெஞ்சினாள்.

"விடுமுறையில நிக்கக்கூட இடம் கிடைக்காதுடி. அப்பா மனசும் ஒடிஞ்சிபோகும்," என்று மழுப்பினாள் ஃபுசாயே.

நெரிசலுக்கு முன்பே போய்விடலாமென்று விடிந்ததும் புறப்பட்டார்கள். அவள் மடியில் பேரனுக்காக ஓக் இலை சுற்றிய கொழுக்கட்டைப் பெட்டி. வழியில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினார்கள். கழிப்பறை வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அவள் திரும்பி வந்தபோது தகேஜியின் நெற்றியெல்லாம் வியர்வை.

"எங்க போய்த் தொலைஞ்ச? ஏறு சீக்கிரம்!"

அவள் பெல்ட்டை மாட்டுவதற்குள் கார் நகர்ந்தது. சிவப்புப் பலகை ஒன்று கண்ணில் பட்டது. 'நுழையாதே.' எதிரே ஒரு வேன் ஹாரனை அலறவிட்டு விலகிப் பாய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வண்டிகள் உள்ளே வரும் பாதையில் இவர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்! கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலை. அதில் வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன.

"பாரு, எல்லாப் பயலும் தப்பான பக்கமா வர்றான்," என்றார் தகேஜி.

கத்தினால் இன்னும் அழுத்தி மிதிப்பார். அது அவளுக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு முனகினாள்.

"என்னங்க, வாந்தி வருது. வலது ஓரமா நிறுத்துங்க. வண்டி பாழாயிடும்."

காரை அழுக்காக்க அவர் யாரையும் விட்டதில்லை. வேலியை உரசுமளவுக்கு ஒதுக்கி நிறுத்தினார். அவள் சாவியை உருவினாள். இடது கதவுப் பக்கம் வண்டிகள் பறந்ததால், கிடைத்த இடுக்கில் அவர் பக்கக் கதவு வழியாகவே இருவரும் நெளிந்து வெளியேறி, வேலியைத் தாண்டிப் புல்மேட்டில் விழுந்தார்கள். ஒரு லாரி உறுமிக்கொண்டு போனபோது கார் குலுங்கியது. மூன்றாவது முறைதான் அவள் போலீஸ் எண்ணைச் சரியாக அழுத்தினாள்.

"நான் சரியாத்தானே வந்தேன்?" என்றார் அவர், குழந்தை கேட்பதுபோல்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் வண்டி வரும்வரை அதை விடவில்லை.

யாருக்கும் அடிபடவில்லை; பயணத்தை விட்டு வீடு திரும்பினார்கள். ஆனால் விடுமுறை முடியும்வரை மருத்துவமனையும் ஓட்டுநர் உரிம அலுவலகமும் திறக்காது. அந்த நாட்களெல்லாம் "சாவி எங்கடி?" என்று அவர் வீட்டைக் கலைத்துத் தேடினார். அவள் சாவியை இடுப்போடு கட்டிக்கொண்டு நடமாடினாள். விடுமுறை முடிந்ததும் மருத்துவர் மறதி நோய் என்றார். பிறகு தகேஜி அவராகவே போய் உரிமத்தை ஒப்படைத்தார்.

மறு வருஷம் ரயிலில் போனார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது, அவர் சட்டைக் கையை ஃபுசாயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.