ஞானமுத்துவும் சாம்பல் நிறக் காரும்

கிழக்குத் தாம்பரம்
12-11-1978, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.10 மணி

சுற்றுக் கடிதம் எண் 9: நண்பர் ஞானமுத்துவின் மறைவு

ஓய்வு பெற்ற நம் அலுவலக நண்பர்களுக்கு வணக்கம்.

இம்மாதம் 2ஆம் தேதி, வியாழக்கிழமை காலை 7.20 மணிக்கு நம் ஞானமுத்து காலமானார். அன்று பகலே நான் கொடுத்த தந்தி, மழையினால் அஸ்தினாபுரத்து நண்பருக்கு மறுநாளும், பொழிச்சலூர் நண்பருக்கு அடக்கம் முடிந்த பிறகும் கிடைத்ததாக அறிகிறேன். கடைசியில் என்ன நடந்தது என்று இருவருமே கேட்டு எழுதியிருக்கிறார்கள். தனித்தனியே பதில் எழுத மனம் ஒப்பவில்லை. எல்லோருக்குமாக ஒரே முறை எழுதிவிடுகிறேன்.

ஞானமுத்துவை நினைத்தால் அந்தச் சாம்பல் நிறக் காரையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம், பதின்மூன்று வயதான அந்த நான்கு கதவுச் சீமைக் காரை அவர் வாங்கினார். மனைவியை இழந்தவர், ஒரே மகள் கிரேஸ். இளம்பிள்ளை வாதத்தால் அவளுடைய இடது காலில் இரும்புப் பட்டை. மின்சார ரயிலின் படியில் ஏற முடியாத பெண்ணுக்கு நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. குமாஸ்தா சம்பளத்தில் கார் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் சொன்ன பதில் இது: "மூணு வருஷம் ஓடினா போதும் சார். அதுக்கப்புறம் அது என்ன வேணா பண்ணட்டும்."

அந்த மூன்று வருடங்களில் அது எல்லாமே பண்ணியது. பல்லாவரத்தைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதிக்கும். பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும். பின்கதவு ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தோம். ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கப் பன்னிரண்டு ரூபாய், கிளட்ச் பிளேட்டுக்கு அறுபத்தைந்து என்று மாதந்தோறும் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். கல்லூரியில் மகளை இறக்கிவிட்டு அலுவலகம் போகும் அந்த வண்டியில் நம்மில் மூவர் தினமும் ஏறிக்கொண்டோம். பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்தால் வாங்க மாட்டார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பெறாத மனிதர் அவர்.

பம்மலில் அதைப் பழுது பார்த்த மணி ஒருநாள் பொறுமை இழந்தார். நான் அருகில் இருந்தேன்.

"சார், இதுக்கு நீ கொட்ற காசுல ஒரு ஜட்காவே வாங்கிடலாம். குதிரைக்குக் கொள்ளும் சேத்து."

"குதிரைக்கு ரிவர்ஸ் கியர் கிடையாதே மணி."

"இதுக்கு மட்டும் கீதா? போன வாரமே அது பூட்ச்சு."

ஞானமுத்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏப்ரல் வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். அவர் சொன்னது 1970ஆம் ஆண்டு ஏப்ரலை. கிரேஸின் கடைசிப் பரீட்சைகள் அந்த மாதத்தில்தான்.

அது தாங்கவில்லை. 13-4-1970, திங்கட்கிழமை காலை 8.50 மணிக்கு, மீனம்பாக்கம் அருகே வண்டி ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. பத்து மணிக்குப் பரீட்சை. அன்று காரில் அவரும் கிரேஸும் நானும் மட்டுமே இருந்தோம். டாக்சி எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்து மேசையில் மைக்கூடு கேட்கவே தயங்கும் ஞானமுத்து, அன்று ஜி.எஸ்.டி. சாலையின் நடுவில் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். பம்மலிலிருந்து தோல் ஏற்றி வந்த லாரி ஒன்று, அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றார் டிரைவர்.

"பொண்ணுக்குப் பரீட்சைங்க. பத்து மணிக்கு உள்ள இருக்கணும்."

"அவ்ளோதானே. பாப்பாவ மேல வந்து குந்தச் சொல்லு."

"கால் ஏறாதுங்க. எங்கிட்ட கயிறு இருக்கு. கட்டி இழுத்தா போதும்."

டிரைவர் கீழே இறங்கி வந்து காருக்குள் பார்த்தார். காலிலிருந்த பட்டையைக் கவனித்தார். "தோலு நாறும் பாப்பா. தாங்குவியா?"

"பரீட்சையை விடவா நாறும் அண்ணா?" என்றாள் கிரேஸ்.

அன்று அந்தக் கல்லூரி வாசலுக்குத் தோல் லாரியின் பின்னால் கட்டுண்டு போய்ச் சேர்ந்தோம். மணி 9.48. அவள் கட்டடத்துக்குள் சென்று மறையும் வரை ஞானமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் சாலையின் மறுபுறம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடக் கணக்கு அத்துடன் முடிந்தது. ஆனால் வண்டியை அவர் விற்கவில்லை. அறுநூறு ரூபாய்க்கு மேல் செலவழித்து இன்ஜினைப் பிரித்துக் கட்டினார். ஏன் என்று கேட்டேன். "அவ வேலைக்குப் போகணுமே சார்" என்றார். குரோம்பேட்டையில் அவளுக்கு வேலை கிடைத்தது. மழையோ வெயிலோ, தினமும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். நம் அலுவலகத்தில் இருந்தவரை அதற்காக அனுமதி வாங்கிக்கொண்டு தாமதமாகவே வந்தார். 1975 ஜூன் 30ஆம் தேதி ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொல்லையும் இல்லை. 1977 பிப்ரவரியில் கிரேஸ் திருமணம் ஆகித் திருச்சிக்குப் போனாள்.

அன்று முதல் அவர் சைக்கிளுக்கு மாறிவிட்டார். கார் வாசலில் நின்றது. இந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் பேட்டரி முழுவதும் போய்விட்டது. புதியது இருநூற்று எண்பது ரூபாய் என்றார் மணி. மாற்றிவிடும்படி நானும் வற்புறுத்தினேன். "எனக்கு எதுக்கு சார்? காய்கறி வாங்க சைக்கிள் போதும். கிரேஸ் கிறிஸ்துமஸுக்கு வரா, அப்போ போட்டுக்கலாம்" என்று முடித்துவிட்டார். தனக்கென்று அந்த வண்டிக்கு அவர் ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2ஆம் தேதி காலை 5.40 மணிக்குப் பால்காரர் ஏகாம்பரம் என் கதவைத் தட்டினார். "சார், ஞானமுத்து சார் கார்ல குந்திகினு நெஞ்சப் புடிச்சிகினு கீறாரு. வண்டி கெளம்பல." ஓடினேன். எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆஸ்பத்திரிக்குத் தாமே ஓட்டிச் செல்வதற்காக ஏறி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுவதும் வியர்வை. நானும் ஏகாம்பரமும் பின்னாலிருந்து தள்ளினோம். அவர் கியரைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். தெரு முனை வரை தள்ளியும் இன்ஜினில் ஓசையே இல்லை. நான் மூச்சிரைத்துப் பின்கண்ணாடியில் சாய்ந்தேன்.

அவர் தலையைத் திருப்பி, மெதுவாகச் சொன்னார்: "விடுங்க சார். உங்களுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காருங்க."

ஏகாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடி டாக்சி கொண்டுவந்தபோது மணி 6.35. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். 7.20க்கு எல்லாம் முடிந்துவிட்டது.

தொலைபேசியில் செய்தி கேட்டு அன்று மாலையே திருச்சியிலிருந்து வந்த கிரேஸ் அழவில்லை. என்னைத் தனியே அழைத்து, "அங்கிள், வண்டி ஸ்டார்ட் ஆச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"பேட்டரியா?"

"ஆமாம்மா."

"நான் இங்கயே இருந்திருந்தா புதுசு போட்டிருப்பாரு."

அவருடைய இதயம் இருந்த நிலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை அவளிடம் இரண்டு முறை சொன்னேன். தலையை அசைத்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.

நண்பர்களே, இக்கடிதத்தை நான் எழுதுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். நீங்கள் ஒவ்வொருவரும் கிரேஸுக்கு நான்கு வரியாவது எழுத வேண்டும். தினமும் அவளைக் கல்லூரியில் விட்டுவிட்டு அலுவலகப் படியேறி வரும்போது ஞானமுத்துவின் முகம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அவள் பார்த்ததில்லை. அதை எழுதுங்கள். பேட்டரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

நினைவுக்கென்று அவருடைய பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. தம் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது அடுத்தவன் மூச்சு வாங்குவதைக் கவனித்து, உட்காரச் சொன்ன அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

இணைப்பு:
1. வரும் 19ஆம் தேதி ஞாயிறு மாலை 4 மணி நினைவு ஆராதனைக்கான அழைப்பு அட்டை.
2. ஞானமுத்து ஓய்வு பெற்ற அன்று எடுத்த புகைப்படத்தின் பிரதி.
3. கிரேஸின் திருச்சி முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று.