கரியாலூர் வேனின் வாட்டர் பம்பு

வண்டி இன்ஜினைச் சூடேறாமல் வைக்கும் வாட்டர் பம்பு திடீரென்று போவதில்லை. போகப்போகிறேன் என்று முதலிலேயே காட்டிவிடும். பம்பின் அடியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். உள்ளே தண்ணீரை அடைத்து நிற்கும் சீல் தேய்ந்தால் அந்த வழியாகத் தண்ணீர் சொட்டும். பம்பின் முன்னால் இருக்கும் ஃபேனைப் பிடித்து அசைக்கும்போது அது ஆடினால் பேரிங்கும் போய்விட்டது என்று அர்த்தம். கள்ளக்குறிச்சியில் முப்பத்தோரு வருடம் டீசல் வண்டி வேலை பார்த்தவன் நான். இது எனக்குத் தெரியாததல்ல.

குப்புசாமியின் வேன் பழசு. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து கீழே கள்ளக்குறிச்சிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும். ஒரு திங்கட்கிழமை அவன் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது துளையில் சொட்டு நிற்கவே இல்லை. ஃபேனும் லேசாக ஆடியது. புது பம்பு சேலத்திலிருந்து வர வேண்டும்.

"ஓட்டலாங்களா மேஸ்திரி, நிறுத்திடட்டுமா?" என்று கேட்டான்.

"தண்ணி பாத்து ஊத்திக்கினு ஓட்டு. பம்பு வந்ததும் மாத்திக்கலாம்."

புதன்கிழமை சாயங்காலம் பம்பு வந்தது. அப்போது ஒரு டிராக்டர் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தேன். நாளைக்குச் சொல்லி அனுப்பிக்கொள்ளலாம் என்று பம்பை அலமாரியில் வைத்துவிட்டேன்.

வியாழன் காலை, மலையிலிருந்து ஒரே பைக்கில் இறங்கிய இரண்டு பேர் பட்டறையில் நின்றார்கள். "குப்புசாமி வண்டி பாதி மலைல நின்னுப்போச்சுங்க. பம்பு ஜாமாயி பெல்ட்டு அறுந்துடுச்சு. ஒரு பொம்பள ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம், அதுக்காவத்தான் வண்டிய எடுத்தானாம். ஒடனே வரச் சொன்னான்."

அந்தப் பாதையில் கீழே இறங்கும் பஸ் மதியத்துக்கு மேல்தான். மேலே போகும் பஸ் பத்தரைக்கு. பம்பு, பெல்ட், கேஸ்கெட், ஸ்பேனர், இரண்டு கேன் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். பட்டறையில் விசாரித்துவிட்டு ஏழுமலை என்பவர் அங்கே என்னைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய தம்பி முதல்நாள் கரும்பு லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மலையில் வேனோடு நிற்பது அந்தத் தம்பியின் மனைவி பூங்காவனம்.

"தம்பி போய்ட்டான்ங்க. ஒம்பதரை வரைக்கும் அவ பேரச் சொல்லிக்கினே கெடந்தான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீங்க அவகிட்ட சொல்லிடாதீங்க. இங்க வந்தப்புறம் நாங்க சொல்லிக்கிறோம்."

வண்டி நின்றிராவிட்டால் ஒன்பது மணிக்கெல்லாம் அவள் அவன் பக்கத்தில் இருந்திருப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு போனேன்.

வேன் நின்ற மலை வளைவில், சாலையோரச் சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேன்.

"எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

"ஒரு மணி நேரம்மா."

குப்புசாமியிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. ஃபேனைக் கழற்றி, ஹோஸைப் பிரித்து, போல்ட்டுகளை எடுத்துப் பழைய பம்பை இறக்கினேன். இன்ஜின் முகத்தில் பழைய கேஸ்கெட் ஒட்டிக்கிடந்தது. அதைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் புதுசும் ஒழுகும். பிளேடால் சுரண்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"சீக்கிரம் போடுங்கண்ணா. நேத்தெல்லாம் என்னத்தான் கேட்டுக்கினு இருந்தாராம்."

இனி அவசரமே இல்லை. ஆனாலும் கை அவசரப்பட்டது. பம்பை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, பெல்ட் மாட்டினேன். கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் ஊற்றியும் ரேடியேட்டர் நிறையவில்லை. ஓடைக்குப் போய்க் கொண்டுவருகிறேன் என்று குப்புசாமி கேன்களோடு இறங்கினான். அவள் தன் கேனை நீட்டினாள்.

"இத ஊத்துங்கண்ணா. எங்க ஊத்துத் தண்ணி. ஆஸ்பத்திரி தண்ணி எறங்கலன்னு சொல்லியனுப்புனாரு, அவருக்குத்தான் எடுத்தாந்தேன். நான் போயி சேந்தாப் போதும்."

வாங்கி ஊற்றியிருக்க வேண்டும். எனக்குக் கை நீளவில்லை.

"அது வேணாம்மா. குப்புசாமி கொண்டாருவான்."

"நேரமாவுதுண்ணா."

"வேணாம்மா."

"ஏன் வேணாங்கிறீங்க?"

நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன்.

"அண்ணா, என்னப் பாருங்க."

பார்த்தேன்.

அவள் கத்தவில்லை. கேனைத் திறந்து அவளே ரேடியேட்டரில் ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது. "வண்டி போவட்டும்" என்றாள். முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது.

குப்புசாமி வந்ததும் மீதியை நிரப்பி ஸ்டார்ட் செய்தோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. வேலையில் ஒரு குறையும் இல்லை.

"பம்பு ஜாமாவுறதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று குப்புசாமி பிற்பாடு பலமுறை சொன்னான். பம்பு முதல்நாளே வந்துவிட்டதை அவனிடம் நான் சொன்னதே இல்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். துளையில் சொட்டு விழுந்தால் வண்டியை வெளியே விடாதீர்கள். சாமான் வந்தால் அந்த நிமிடமே ஆள் அனுப்புங்கள். அன்றைக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன். பிடிவாதக்காரன் என்று பல டிரைவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வளைவில் அவளிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை மட்டும் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை.