வளவுக்குள் நின்ற தீயணைப்பு லொறி

எங்கள் ஊரில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை என்பவர் ஒரு சூட்கேசோடு வந்து குடியேறுகிறவர். என் அக்காவை நான் ராத்தா என்பேன். அவளைக் கட்டிய மச்சானும் மருதமுனையிலிருந்து கல்முனைக்குடிக்கு அப்படித்தான் வந்தார். பிறகு அரபு நாட்டு வேலைக்காகக் கட்டாருக்குப் போனார். திரும்பி வந்து கொஞ்ச நாளில், ஒரு பழைய தீயணைப்பு லொறியை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

கட்டாரில் அவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் குசினியில். நெருப்போடு அவருக்கு இருந்த சம்பந்தம் அடுப்பு மட்டும்தான். குசினிக்கும் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கும் இடையில் ஒரு கண்ணாடிதானாம். வருசக்கணக்காக வெங்காயம் வெட்டிக்கொண்டே அந்தச் சிவப்பு வண்டிகளைப் பார்த்திருக்கிறார். கண் கலங்கியது வெங்காயத்தாலா வண்டியாலா என்பது அவருக்கே வெளிச்சம்.

லொறி வெள்ளைக்காரன் காலத்தது. மூடிப்போன ஒரு ஆலையின் பின்புறம் புல்லுக்குள் கிடந்ததை ஏலத்தில் எடுத்திருந்தார். இன்னொரு லொறியில் கட்டி இழுத்துத்தான் வந்தது. போனட்டைத் திறந்தால் உள்ளே குளவிக் கூடு.

ராத்தா வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன இது?"

"பழைய சாமான் புள்ள. பழசாகப் பழசாகத்தான் இதுக்கு மதிப்பு."

"அப்ப உங்களுக்கும் ஒரு நாளைக்கு மதிப்பு வரும் எண்டு செல்லுங்க."

அதோடு அந்த லொறிக்கு அவள் 'முஸீபத்து', அதாவது பீடை, என்று பேர் வைத்துவிட்டாள். அதைத் தொட மாட்டேன் என்று சத்தியமும் செய்தாள்.

அது நின்ற இடம்தான் பிரச்சினை. வளவின் முன்பாதி என் தங்கச்சிக்கு. அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்து, வீடு கட்ட அத்திவாரம் வெட்ட வேண்டிய நேரம் வந்தது. அத்திவாரம் போகிற இடத்தில் மச்சானின் லொறி.

"திங்கட்கிழமை மேசன் வாறார்," என்றாள் ராத்தா. "அதுக்குள்ள இது தானா ஓடி வெளிய போகணும். ஓடினா எங்கயாவது கொண்டுபோய் வெச்சுக் கொஞ்சுங்க. ஓடாட்டி பழைய இரும்புக்காரன் வருவான்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஓ.எல். சோதனை எழுதி, சமயமும் சித்திரமும் மட்டும் பாஸ் பண்ணி, ஒரு கராஜில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். இருந்தாலும் அவருக்குக் கிடைத்த இஞ்சினியர் நான்தான்.

குளவியைப் புகை போட்டுக் கலைத்தோம். அது போகும்போது மச்சானின் காதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தோம். கார்பரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல் தீட்டும் பிரஷ்ஷால் கழுவினோம். அது யாருடைய பிரஷ் என்று மச்சான் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிழிந்துபோன கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தடித்த அட்டை வெட்டிப் போட்டோம். பெற்றோல் தாங்கி உள்ளே முழுக்கத் துரு. அதனால் ஒரு சேலைன் போத்தலில் பெற்றோல் நிரப்பி, கண்ணாடிக்கு மேலே கட்டி, குழாயைக் கார்பரேட்டருக்கு விட்டோம்.

"என்ன மச்சான், நோயாளி ஐ.சீ.யூ.வில இரிக்கிற மாதிரி இரிக்கி," என்றேன்.

"பேசாம ஹேண்டிலச் சுத்துடா."

இஞ்சினுக்கு முன்னால் செருகிய இரும்பு ஹேண்டிலைச் சுற்றினேன். தோள் கழன்றதுதான் மிச்சம். வியாழக்கிழமை பின்னேரத்து அஸர் பாங்குக்கு முன்னால், பிஸ்மி சொல்லிச் சுற்றிய ஒரு சுற்றில் இஞ்சின் தும்மியது. பிறகு இருமியது. பிறகு பக்கத்து வீட்டுக் கோழிகளெல்லாம் ஓட, நின்று முழங்கியது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தார். ராத்தா ஜன்னலைச் சாத்தினாள்.

அதோடு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மச்சானுக்குத் தண்ணீர்த் தாங்கியையும் நிரப்ப வேண்டுமாம்.

"தண்ணி இல்லாத பயர் லொறி என்னடா லொறி? கட்டாரில எந்த நேரமும் புல் டேங்கிதான்."

"கட்டாரில நீங்க நிரப்பினது சோத்துப் பானைதானே."

"வாயப் பொத்திட்டு அந்தத் தோணிக்காரக் காக்காவக் கூட்டிட்டு வா."

தாங்கியின் அடியில் ஓட்டை இருந்தது. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்; எது ஒழுகினாலும் தோணிக்காரக் காக்காதான். பைபர் துணியும் ரெசினும் வைத்துத் தோணிகளை ஒட்டுகிறவர். லொறிக்கடியில் மல்லாந்து படுத்து, தாங்கியின் வெளிப்பக்கத்தில் துணி மேல் துணியாக ஒட்டினார்.

"என்ட ஒட்டால கடலே உள்ளுக்கு வந்ததில்ல மச்சான். நீங்க பயப்படாம இரிங்க," என்றார்.

சனிக்கிழமை காலை தண்ணீர் கொண்டுவரும் பவுசர் ஒன்றைப் பிடித்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினோம். மச்சான் வெள்ளைச் சேட் போட்டு ஏறினார். நான் மட்கார்டில் உட்கார்ந்து சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டேன். ராத்தா குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

லொறி ஓரடி நகர்ந்தது. பிறகு முன்னால் போகாமல் கீழே போனது. எங்கள் வளவு முழுக்கக் கடற்கரை மணல். அத்தனை பாரத்தோடு பின்டயர் இரண்டும் சுற்றச் சுற்றப் புதைந்தன. பலகை போட்டோம், தென்னோலை போட்டோம். ஓலையெல்லாம் பின்னால் பறந்தது.

"நான் பழைய இரும்புக்காரனுக்கு போன் எடுக்கட்டா?" என்றாள் ராத்தா.

மச்சான் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். வெள்ளைச் சேட் முதுகில் ஒட்டியிருந்தது. எதற்கும் பிடிவாதம் பிடிக்காத மனுசன் அவர். சாப்பாடு பிந்தினாலும் சத்தம் போட மாட்டார். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு தரம் அக்சிலேட்டரை மிதித்தார். லொறி குலுங்கியது. அடியில் சுவர் இடிந்த மாதிரி ஒரு சத்தம். தோணிக்காரக் காக்காவின் ஒட்டு அப்படியே தகடாகக் கழன்று விழ, தண்ணீர் மொத்தமும் வளவுக்குள் பாய்ந்தது. ராத்தா மிளகாய்த்தூளுக்குக் காயப்போட்டிருந்த கொச்சிக்காய் பாயோடு மிதந்து வாசலைத் தாண்டிப் போனது.

காக்கா தலையைச் சொறிந்தார்.

"தோணிக்கு தண்ணி வெளிய இரிந்துதான் தள்ளும். அது ஒட்ட இறுக்கிப் பிடிக்கும். இது உள்ள இரிந்து தள்ளிட்டே."

"உள்ள தண்ணி ஊத்தத்தானே டேங்கி வெச்சிரிக்கி," என்றேன்.

"அத முதல்ல செல்லியிரிக்கணும்."

அதற்குள் மணல் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தது. காக்கா காலால் தரையை மிதித்துப் பார்த்தார். கடற்கரையில் வாகனம் இறக்குகிற ஆட்கள் எப்போதும் அலை நனைத்த மண்ணில்தான் ஓட்டுவார்கள். காய்ந்த மணல் இழுக்கும், நனைந்த மணல் தாங்கும்.

"பாரமும் போயிட்டு, மண்ணும் இறுகிட்டு. இப்ப எடுங்க மச்சான்," என்றார்.

எடுத்தார். பலகை மேல் ஏறி, ஈர மணலில் தடம் பதித்து, லொறி தானாக ஓடி வாசலால் வெளியே போனது. ராத்தாவின் வாய் அசைந்தது. அவள் சொன்னது கொச்சிக்காயைப் பற்றி என்பதால் இங்கே எழுதவில்லை.

கல்முனை பஸாரைத் தாண்டி மருதமுனைக்குப் போனோம். தன்னைப் பெற்ற உம்மாவின் வீட்டு வளவில் நிறுத்துவதுதான் மச்சானின் திட்டம். வழியெல்லாம் ஓட்டோக்காரர்கள் எங்கே நெருப்பு என்று கேட்டார்கள். நான் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

மச்சானின் உம்மா, எங்கள் மாமி, வாசலுக்கு வந்தார். மகன் சேறு பட்ட சேட்டோடு, முகம் கறுத்து, தன் சொத்தோடு வந்து இறங்குவதைக் கண்டார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆம்பிளை சாமானோடு உம்மா வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"அவ அனுப்பிட்டாளா மனே?" என்று மாமி கேட்டார்.

மச்சான் இறங்கி, களைப்பில் தண்ணீர் கேட்டார். மாமி அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சூட்கேஸ் பின்னால வருது மாமி," என்றேன்.

மாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டினார்கள். மச்சான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கதை கல்முனைக்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அபாயாவை இழுத்துச் செருகிக்கொண்டு ராத்தா இறங்கினாள்.

"நான் புருசன அனுப்பிட்டன் எண்டு யார் மாமி செல்லின?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன்.

மாமிக்கு விசயம் விளங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் லொறியை வைக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

"இது இஞ்ச நிண்டா, என்ட மகன் திரும்பி வந்துட்டான் எண்டுதான் சனம் கதைக்கும். நீ கொண்டுபோ புள்ள."

ராத்தா லொறியைப் பார்த்தாள். வேலிக்கு மேலால் தெரிந்த தலைகளைப் பார்த்தாள். மச்சானைப் பார்க்கவில்லை.

"பின் வளவில என்ட கோழிக்கூட்ட நகத்தினா இடம் காணும். பின் தெரு ஒழுங்கையால ஏத்துங்க," என்றாள்.

பிறகு லொறியின் முன்கதவைத் திறந்தாள். படி உயரம். மாமி பின்னாலிருந்து தள்ள, ஏறி மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அபாயாவைச் சரிசெய்துகொண்டாள். நான் மட்கார்டில் போத்தலைப் பிடித்தேன். லொறி முழங்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. மச்சானின் முகத்தில் இருந்த சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்தேன். கியரை மாற்றிக் கொஞ்சம் வேகம் எடுத்தார்.

"மெதுவா விடுங்க," என்றாள் ராத்தா. "அந்த மூலை வீட்டுக்காரி இன்னும் வெளிய வரல்ல."